எல்லா கிளிப்பும் உடைந்திருந்த கல்லூரி

என் அண்ணியை அவள் வேலை பார்க்கும் மருத்துவமனையில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘ஆஃப்-ஆன் மேடம்’ என்றால்தான் தெரியும். எந்த வார்டில் எந்தக் கம்ப்யூட்டர் மக்கர் பண்ணினாலும் முதல் போன் அவளுக்குத்தான் வரும். அவளும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க” என்பாள். பாதிக் கோளாறு அதிலேயே ஓடிப்போகும். மீதிப் பாதிதான் அவள் நிம்மதியைக் கெடுத்தது.

உதவி மேசை என்று பெரிதாகப் பெயர். ஆனால் இடம் அடித்தளத்தில், சலவைக்கூடத்துக்குப் பக்கத்தில், ஜன்னலே இல்லாத ஓர் அறை. சுவருக்கு அந்தப் பக்கம் துவைக்கும் இயந்திரங்கள் வேகம் எடுத்தால் இந்தப் பக்கம் மேசை மேல் இருக்கும் பேனா தானாக நகர்ந்து கீழே விழும். அண்ணி காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, ஒரு கையால் பேனாவைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் தட்டச்சு செய்வாள். யார் கூப்பிட்டாலும் அவளிடம் மூன்று கேள்விகள் தயாராக இருக்கும். திரையில் என்ன தெரிகிறது? கடைசியாக என்ன செய்தீர்கள்? பக்கத்தில் இருப்பவர்களுக்கு வேலை செய்கிறதா? வீட்டிலும் இதேதான். மகளுக்கு வயிற்று வலி என்றால், “கடைசியா என்ன சாப்பிட்ட? உன் கூட சாப்பிட்டவங்களுக்கும் வலிக்குதா?” என்று ஆரம்பித்துவிடுவாள். நல்லவேளை, பிள்ளையை ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொன்னதில்லை.

என்னைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். நான் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. அண்ணனும் அண்ணியும் மகளும் கீழ் வீட்டில், நான் மாடியில். எனக்குக் கோபம் சட்டென்று வரும், குரல் அதற்கு முன்னாலேயே வந்துவிடும். அண்ணி எனக்கு வைத்திருக்கும் பெயர் ‘விசில்’. இந்தக் கதையில் நான் சும்மா வேடிக்கை பார்த்தவள் என்று நினைத்துவிடாதீர்கள். பேருந்தில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து கூடவே போனவள் நான்தான்.

விஷயம் இதுதான். ஆஃப் பண்ணி ஆன் பண்ணியும் சரியாகாத கோளாறு என்றால், பெரும்பாலும் அது நெட்வொர்க் கோளாறு. அதாவது கம்ப்யூட்டர் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் ஒன்றோடு ஒன்று பேசாது. அதை அண்ணி தொடக்கூடாது. ஒரு டிக்கெட், அதாவது புகார்ச் சீட்டு, எழுதி நாலாவது மாடியில் இருக்கும் நெட்வொர்க் அறைக்கு அனுப்பிவிட வேண்டும். அங்கே இருப்பவர்கள் எதையோ செய்வார்கள். சற்று நேரத்தில் டிக்கெட் திரும்பி வரும், ‘சரி செய்யப்பட்டது’ என்று. அவ்வளவுதான். என்ன கெட்டுப்போனது, ஏன் கெட்டுப்போனது, எதைத் தொட்டுச் சரி செய்தார்கள், ஒரு வார்த்தை இருக்காது.

“பதினாலு வருஷமா கேக்கறேன், விசில். பாதிக் கதை சொல்லிட்டு எந்திரிச்சுப் போற மாதிரி இருக்கு. என்ன ஆச்சுன்னு ஒருத்தராவது எழுதினாங்களா?” என்பாள் அண்ணி.

ஒருநாள் பொறுக்க முடியாமல் நாலாவது மாடிக்கு ஏறிப் போய்விட்டாள். அந்த அறையின் தலைவரை ஊழியர்கள் ‘ஃபயர்வால்’ என்பார்கள். யாரையும் எதையும் உள்ளே விடமாட்டார் என்பதால் வந்த பெயர். மனிதர் கெட்டவர் இல்லை, வாயைத் திறக்கத்தான் கணக்குப் பார்ப்பார். அண்ணி அவரிடம் நேராகக் கேட்டாள்.

“சார், நான் இங்க வேலைக்கு வரணும்னா என்ன பண்ணணும்?”

“டிகிரி வேணும்.”

“என்ன டிகிரி சார்?”

“விதியில எந்த டிகிரியும் போதும்னுதான் இருக்கு. நாப்பத்தஞ்சு வயசு தாண்டக் கூடாது.”

அண்ணிக்கு அப்போது நாற்பது முடிந்திருந்தது. பள்ளிப் படிப்போடு நின்றவள். கல்யாணம், குழந்தை, வேலை என்று ஓடியதில் கல்லூரி வாசலைக் கடந்து போனதோடு சரி. அன்று மாலை வீட்டுக்கு வந்தவள் செருப்பைக் கூடக் கழற்றாமல், “நான் டிகிரி படிக்கப் போறேன். நெட்வொர்க் வேலைக்குப் போகப் போறேன்” என்றாள்.

அண்ணன் ஒரு சரக்கு லாரி நிறுவனத்தில் கணக்காளன். எதையும் இரண்டு பத்தியாகப் பிரித்துப் பார்த்தால்தான் அவனுக்குத் தூக்கம் வரும். ஆனால் மனைவிமேல் உயிர். உடனே காரியத்தில் இறங்கிவிட்டான். ஒரே வாரத்தில் மூன்று படிப்புகளைத் தேடிப் பிடித்து, மூன்று விளக்கப் புத்தகங்களையும் சாப்பாட்டு மேசையில் பரப்பிவிட்டான்.

முதலாவது வணிக நிர்வாகம். அஞ்சல் வழி, மூன்று வருடம், வீட்டிலேயே படிக்கலாம், கணக்குப் பாடமே கிடையாது. இரண்டாவது, பட்டத்தின் பெயரிலேயே ‘கம்ப்யூட்டர் நெட்வொர்க்கிங்’ என்று கொட்டை எழுத்தில் போட்ட ஒரு தனியார் கல்வி நிலையம். அதுவும் மூன்று வருடம், வார இறுதி வகுப்பு. மூன்றாவது ஒரு பழைய கல்லூரியின் மாலை வகுப்பு. கணினி அறிவியல், நாலு வருடம். முதல் மூன்று பருவத்திலும் கணக்கு உண்டு. நெட்வொர்க் என்ற சொல்லே மூன்றாம் ஆண்டில்தான் எட்டிப் பார்த்தது.

“மூணாவதை சும்மா கொண்டு வந்தேன், எண்ணிக்கைக்கு. எந்த டிகிரியும் போதும்னு அவரே சொல்லிட்டாரு. முதல் படிப்பை முடி, மேல போய் உக்காரு” என்றான் அண்ணன்.

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஆனால் நெட்வொர்க் வேலைக்குப் போகிறவள் நெட்வொர்க் என்று பெயர் போட்ட படிப்பையே படிக்கலாமே என்றும் தோன்றியது. இரண்டாவதுதான் சரி என்று நான் அடித்துச் சொன்னேன். அண்ணி எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, “நேர்ல பாக்காம எதுக்கும் பதில் சொல்லக் கூடாது” என்றாள். போனில் பதில் சொல்லியே பிழைப்பவள் சொல்கிற பேச்சா இது என்று சிரித்தோம்.

அந்தச் சனிக்கிழமை நானும் அவளும் கிளம்பினோம். முதலில் தனியார் கல்வி நிலையம். கண்ணாடிக் கதவு தானாகத் திறந்தது. உள்ளே சோபா, குளிர்ச்சி, மெல்லிய வாசனை. சேர்க்கை அதிகாரியான பெண் எங்களை வரவேற்ற விதத்தைப் பார்த்தால், பிறந்தது முதல் எங்களுக்காகவே காத்திருந்தவள் என்று தோன்றும். நான் அப்போதே விழுந்துவிட்டேன். கையெழுத்துப் போடப் பேனா எங்கே என்று தேடினேன். அண்ணி மட்டும், “லேபைப் பாக்கலாமா?” என்றாள்.

லேப் என்றால் அப்படி ஒரு லேப். தரையில் முகம் பார்க்கலாம். கறுப்பு அலமாரியில் வரிசையாக ஸ்விட்சுகள். விளக்குப் போடும் சுவிட்சு இல்லை. பல கம்ப்யூட்டர்களின் கேபிள்களை ஒரே இடத்தில் செருகி இணைக்கும் தட்டையான பெட்டிகள். எனக்கு அவை பேக்கரியில் அடுக்கிய தட்டுகள் போலத் தெரிந்தன. அண்ணி பக்கத்தில் போய், ஒரு பெட்டியின் முகப்பில் விரலை வைத்து மெல்லத் தேய்த்தாள். ஓரத்தில் ஏதோ உரிந்து எழும்பியது. கடையிலிருந்து வரும்போது கீறல் விழாமல் இருக்க ஒட்டியிருப்பார்களே, அந்த மெல்லிய பிளாஸ்டிக் உறை.

“இதெல்லாம் எப்ப வாங்கினது?” என்று கேட்டாள் அண்ணி.

“மூணு வருஷம் ஆச்சு மேடம்.”

“உறையை இன்னும் பிரிக்கலையே?”

அந்தப் பெண்ணின் முகம் பெருமையில் மலர்ந்தது. “அவ்ளோ கவனமாப் பாத்துக்கறோம் மேடம். பசங்க கை வைக்க விடமாட்டோம். திரையில படம் போட்டு எல்லாத்தையும் தெளிவா காட்டிடுவோம்.”

நான் பெரிய பள்ளி ஒன்றுக்குப் போட்டிக்குப் போனபோது பார்த்திருக்கிறேன். மைதானம் பச்சைப் பசேல் என்று இருக்கும், கோல் கம்பத்துக்கு முன்னால்கூடப் புல் அடர்ந்திருக்கும். பார்த்த உடனே எங்கள் பிள்ளைகளிடம், இந்த ஆட்டம் நமக்குத்தான் என்று சொல்லிவிட்டேன். நிஜமாகவே ஆடுகிறவர்களின் கோல் கம்பத்துக்கு முன்னால் புல் முளைக்காது. லேபில் நின்றபோது அதுதான் ஞாபகம் வந்தது. பேனாவைத் தேடுவதை நிறுத்தினேன்.

அங்கிருந்து பழைய கல்லூரிக்கு இரண்டு பேருந்து மாற வேண்டும். பேருந்துப் பணிமனைக்குப் பின்னால் ஒரு மங்கிய கட்டடம். வாசலில் வரவேற்க ஆள் இல்லை, போகாதே என்று தடுக்கவும் ஆள் இல்லை. மாடிப் படியில் விளக்கு எரியவில்லை. லேபிலிருந்து சண்டை போடுகிற மாதிரி சத்தம் வந்தது. எட்டிப் பார்த்தால், ஏழெட்டுப் பேர் ஒரு ஸ்விட்சைச் சுற்றி நின்று, தப்பு உன் பக்கமா என் பக்கமா என்று வாதம் செய்துகொண்டிருந்தார்கள். பாதிப் பேருக்குத் தலை நரைக்க ஆரம்பித்திருந்தது. பகல் வேலையை முடித்துவிட்டு வருகிறவர்கள்.

அண்ணி சுவரில் கொக்கியில் தொங்கிய கேபிள்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். கேபிளின் நுனியில் ஒரு சின்ன கிளிப் இருக்கும். செருகும்போது ‘டிக்’ என்று உட்கார்ந்து, கழன்று வராமல் பிடித்துக்கொள்வது அதுதான். செருகிச் செருகிக் கழற்றினால் அது ஒருநாள் ஒடிந்துவிடும். அங்கே தொங்கியவற்றில் ஒன்றில்கூடக் கிளிப் இல்லை. சிலவற்றை டேப் சுற்றி ஒப்பேற்றியிருந்தார்கள். ஸ்விட்சுகளின் முகப்பு கீறல் விழுந்து, நம்பர் எல்லாம் அழிந்து, யாரோ பேனாவால் திரும்ப எழுதியிருந்தார்கள்.

லேப் பொறுப்பாளர் எங்களைப் பார்த்துவிட்டு அலுப்போடு வந்தார். மன்னிப்புக் கேட்கிற தோரணையில் பேசினார். “தப்பா நினைக்காதீங்கம்மா. புதுசு வாங்கிப் போட்டா மூணு மாசம் தாங்க மாட்டேங்குது. எல்லா கிளிப்பையும் ஒடச்சுடறாங்க.”

அண்ணியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. நகைக்கடையில் கூட நான் அப்படி ஒரு வெளிச்சத்தைப் பார்த்ததில்லை.

“இங்கதான் விசில். இங்கதான் படிக்கப் போறேன்” என்றாள்.

ஆனால் வெளியே வரும்போது அறிவிப்புப் பலகையில் பாடத் திட்டம் ஒட்டியிருந்தது. கணக்கு ஒன்று, கணக்கு இரண்டு, கணக்கு மூன்று. அண்ணி அதன் முன்னால் நின்றுவிட்டாள். பள்ளி இறுதியில் அவள் கணக்கில் தோற்றவள். இரண்டாம் முறை எழுதி, விளிம்பில் தொற்றிக்கொண்டு கரையேறியவள்.

பழைய கல்லூரி என்று கேட்டதும் அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டான். அவன் சொன்னதிலும் தப்பில்லை, அதையும் சொல்லியாக வேண்டும். நாலு வருடப் படிப்பு. இப்போதே வயது நாற்பது. நடுவில் ஒரு வருடம் சறுக்கினாலும் நாற்பத்தைந்து தாண்டிவிடும். பட்டம் கைக்கு வரும்போது வேலை கைவிட்டுப் போயிருக்கும். அதுவும் கணக்கில்தான் சறுக்குவாள் என்பது ஊரறிந்த விஷயம்.

“அஞ்சல் வழியில படிச்சா மூணு வருஷத்துல அந்த நாற்காலி உனக்கு. அவங்க கேக்கறது ஒரு காகிதம். அந்தக் காகிதத்தைச் சுலபமா வாங்காம எதுக்கு இப்படி வம்பை விலைக்கு வாங்கற?”

அண்ணி சற்று நேரம் மேசையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தாள். பிறகு சொன்னாள்.

“இப்ப எனக்குத் தெரியாத டிக்கெட் வந்தா மேல அனுப்பறேன். நாளைக்கு நானே மேல போய் உக்காந்துட்டா, தெரியாத டிக்கெட்டை யாருக்கு அனுப்பறது?”

அதற்காக ஒப்புக்கொள்கிற ஆள் இல்லை அண்ணன். “என் பேச்சைக் கேக்கல. நாளைக்கு என்கிட்ட வந்து அழக் கூடாது” என்று சொல்லிவிட்டுத் தொலைக்காட்சியை உரக்க வைத்தான். அண்ணி ஒற்றைக் காலில் நின்றாள். அந்த வாரமே போய்ச் சேர்ந்துவிட்டாள்.

சொந்தக்காரர்கள் சும்மா விடுவார்களா. நெட்வொர்க் படிக்கப் போகிறேன் என்று கிளம்பியவள் கணக்குப் படிக்கிறாளாம் என்று ஒரு சுற்று சிரித்தார்கள். இந்த வயதில் எதற்கு என்று இன்னொரு சுற்று. நான் முடிந்தவரை எல்லோருக்கும் பதில் கொடுத்தேன். என் குரல் எப்படிப்பட்டது என்று ஏற்கெனவே சொல்லியிருக்கிறேன்.

முதல் பருவத்தில் கணக்கு ஒன்றில் அண்ணி தோற்றாள். முடிவைப் பார்த்த அன்று அவள் மாடிக்கு வந்து என் கட்டிலில் குப்புறப் படுத்துக்கொண்டு அழுதாள். எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. “தோத்த டீம் மறுநாளும் மைதானத்துக்கு வரும் அண்ணி. வராத டீமைத்தான் நான் கணக்குலேயே சேக்கறதில்ல” என்றேன். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “கணக்குங்கிற வார்த்தையைச் சொல்லாதே” என்றாள். இருவரும் சிரித்துவிட்டோம்.

அண்ணன்தான் எனக்கு ஆச்சரியம். நான் சொன்னேன் பார்த்தாயா என்று அவன் சொல்லியிருந்தால் அன்று அவன் மண்டை உடைந்திருக்கும், உடைத்தது நானாக இருந்திருப்பேன். அவன் சொல்லவில்லை. இரண்டு மூன்று நாள் கண்டும் காணாமல் இருந்தான். ஒரு காலையில் அண்ணி அடுப்புக்குப் பக்கத்தில் தாளை வைத்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். காபி எடுக்க வந்த அண்ணன் அதை எட்டிப் பார்த்தான். ஒரு கணக்காளன் தப்பான விடையைப் பார்த்துவிட்டுச் சும்மா போக முடியுமா? உள்ளே அரித்திருக்கும்.

“இங்க குறைக்கணும். கூட்டி வச்சிருக்க.”

“உங்களை யாரும் கேக்கல.”

“கேக்கல. ஆனா இப்படியே விட்டா எனக்குக் காபி இறங்காது.”

அதிலிருந்து தினமும் காலையில் சமையலறையில் வகுப்பு. அண்ணனுக்குச் சொல்லிக் கொடுக்கும் பொறுமை கிடையாது, அண்ணிக்கு அவன் சொல்லிக் கேட்கும் வழக்கம் கிடையாது. பாத்திரம் உருளும் சத்தமும் எண்களும் கலந்து மாடிவரை கேட்கும். பூஜ்யத்தையும் ஒன்றையும் மட்டும் வைத்து எண்ணுகிற கம்ப்யூட்டர் கணக்கு வந்தபோது அண்ணன் அதைத் தனக்குச் செய்த அவமானமாகவே எடுத்துக்கொண்டான்.

“இதுல ரெண்டே கிடையாதா?”

“கிடையாது.”

“அப்ப ரெண்டை எப்படி எழுதுவாங்க?”

“ஒண்ணு, பக்கத்துல பூஜ்யம்.”

“அது பத்துடி.”

“உங்களுக்குப் பத்து. அதுக்கு ரெண்டு.”

அண்ணன் அன்று அலுவலகத்துக்குத் தாமதமாகப் போனான். ஆனால் ஒரே வாரத்தில் அந்தக் கணக்கைத் தானும் கற்றுக்கொண்டு, அவளுக்கும் ஊட்டிவிட்டான். அடுத்த பருவத்தில் அண்ணி விட்டதையும் சேர்த்து எழுதி, இரண்டு கணக்கையும் தாண்டினாள். மூன்றாவது கணக்கில் அவள் எடுத்த மதிப்பெண்ணை அண்ணன் அலுவலகத்தில் பத்துப் பேரிடமாவது சொல்லியிருப்பான். வீட்டில் மட்டும், “பரவாயில்ல” என்றான்.

மூன்றாம் ஆண்டில் நெட்வொர்க் பாடம் வந்ததும் வீட்டில் ஒருவருக்கும் நிம்மதி இல்லை. ஒவ்வொரு பாடத்திலும் அண்ணிக்குப் பழைய டிக்கெட் ஒன்றுக்கு விடை கிடைத்துக்கொண்டிருந்தது. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது திடீரென்று கையை நிறுத்துவாள். “தெரிஞ்சிடுச்சு. அந்த உடற்பயிற்சி சிகிச்சைப் பிரிவு. ஆறு வருஷத்துக்கு முன்னாடி அந்தத் தளமே நின்னுபோச்சே. அங்க ஒரு நர்ஸ் ரொம்பச் சுத்தக்காரி. ஒரு கேபிளோட ஒரு முனை சும்மா தொங்கிட்டு இருந்திருக்கும். பாக்க நல்லாயில்லன்னு எடுத்து அதே ஸ்விட்சுல செருகியிருப்பா. போன தகவலே திரும்பி வந்து, வந்ததே திரும்பப் போயி, மொத்தமும் திணறிப் போயிருக்கும்.”

மறுநாள் அந்த நர்ஸைத் தேடிப் போய்க் கேட்டிருக்கிறாள். ஆமாம், நான்தான் செருகினேன், தொங்கினால் எனக்குப் பிடிக்காது என்றாளாம் அந்தப் புண்ணியவதி. அண்ணி அன்று முழுக்கப் பாடிக்கொண்டே வேலை செய்தாள். ஆறு வருடமாக வயிற்றில் கிடந்த கல் இறங்கியது போல இருந்தது என்றாள். அவள் சந்தோஷம் எங்களையும் தொற்றிக்கொண்டது. அவள் படிக்கிறாள் என்பது போய், வீடே படித்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

பட்டம் கையில் வாங்கியபோது அண்ணிக்கு நாற்பத்து நாலு. மருத்துவமனை நெட்வொர்க் அறையில் ஓர் இடம் காலியாகும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். வயது வரம்புக்குச் சில மாதங்களே பாக்கி இருக்கும்போது அறிவிப்பு வந்தது. இது போனால் வேறு வாய்ப்பு இல்லை. அறிவிப்பின் அடியில் புதிதாக ஒரு வரி: விண்ணப்பிப்பவர்களுக்குச் செய்முறைத் தேர்வு நடத்தப்படும். எந்தப் பட்டமும் போதும் என்ற விதி மாறவில்லை. ஆனால் அந்த விதியை நம்பி உள்ளே வந்த ஒருவரால் இரண்டு வார்டுகள் ஒரு நாள் முழுக்க முடங்கிப் போயிருந்தன. இனிக் கையில் வேலை தெரிந்தால்தான் விடுவேன் என்று ஃபயர்வால் அடம்பிடித்து வாங்கிய வரி அது.

அண்ணன் அதை இரண்டு தடவை படித்தான். பிறகு தண்ணீர் குடிக்கப் போய்விட்டான்.

தேர்வு நடந்த அறையில் நான் இல்லை. ஆனால் அண்ணி அதை எங்களுக்கு எத்தனை தடவை சொல்லியிருக்கிறாள் என்றால், நானும் உள்ளே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது போலவே இருக்கிறது. ஆறு பேர் விண்ணப்பித்திருந்தார்கள். ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். அண்ணிதான் கடைசி. உள்ளே போனவர்களில் சிலர் போன வேகத்திலேயே திரும்பி வந்திருக்கிறார்கள்.

உள்ளே மேசையில் இரண்டு கம்ப்யூட்டர், நடுவில் ஒரு ஸ்விட்சு. இரண்டும் ஒன்றோடு ஒன்று பேசவில்லை, பேச வையுங்கள் என்றார் ஃபயர்வால். அண்ணி திரையில் என்ன தெரிகிறது என்று பார்த்தாள். கடைசியாக இதில் என்ன மாற்றினார்கள் என்று ஸ்விட்சின் பதிவைத் திறந்து படித்தாள். சற்று முன்புதான் ஒரு கம்ப்யூட்டரின் இணைப்பு அறுந்து திரும்ப வந்ததாக அதில் இருந்தது; யாரோ அதன் முகவரி விவரத்தைத் திருத்தியிருக்க வேண்டும். ஒரு தாள் கேட்டு வாங்கிக்கொண்டாள். இரண்டு முகவரிகளையும் பூஜ்யமும் ஒன்றுமாகப் பிரித்து எழுதினாள், சமையலறையில் எழுதிய அதே மாதிரி. எந்த எண் வரைக்கும் நம் தெரு, எங்கே வெளியூர் ஆரம்பிக்கிறது என்று ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஓர் எல்லை எண் உண்டு. ஒன்றில் அந்த எல்லை எண் பிசகியிருந்தது. பக்கத்து வீட்டுக்காரனையே அது வெளியூர்க்காரன் என்று நினைத்துக்கொண்டு, அவனோடு பேச வழி தெரியாமல் நின்றது. அண்ணி எல்லை எண்ணைத் திருத்தினாள். இரண்டும் பேசின.

பேசியதோடு அவள் எழுந்துவிடவில்லை. எது கெட்டிருந்தது, ஏன், எதை மாற்றினேன், இனி வராமலிருக்க என்ன செய்ய வேண்டும் என்று டிக்கெட்டில் பக்கம் நிறைய எழுதிவிட்டுத்தான் பேனாவை வைத்தாள்.

ஃபயர்வால் அதை முழுக்கப் படித்தார். பிறகு, வழக்கத்தைவிட நாலு வார்த்தை கூடவே பேசினார்.

“நீங்க முதல் வேலையா ஆஃப் பண்ணி ஆன் பண்ணுவீங்கன்னு நினைச்சேன். பண்ணியிருந்தா அந்தப் பதிவு அழிஞ்சிருக்கும். நாலு பேர் அப்படித்தான் அழிச்சாங்க. ஒவ்வொரு தடவையும் நான் முதல்லேர்ந்து திரும்ப அமைச்சு வச்சேன்.”

“காரணம் தெரியாதவரைக்கும்தான் சார் அதைச் சொல்லிட்டு இருந்தேன்” என்றாள் அண்ணி.

அன்று மாலையே சொல்லிவிட்டார்கள். வேலை அவளுக்குத்தான். நான் பள்ளி மைதானத்தில் பிள்ளைகளை ஓட விட்டுக்கொண்டிருந்தபோது போன் வந்தது. அண்ணி, “விசில், கிடைச்சிடுச்சு” என்றாள். என்ன செய்வதென்று தெரியாமல் கழுத்தில் தொங்கிய விசிலை எடுத்து ஊதினேன். ஓடிக்கொண்டிருந்த பிள்ளைகள் எல்லாம் நின்று என்னைப் பார்த்தார்கள். போங்கள், இன்றைக்கு இவ்வளவு போதும், எல்லோரும் வீட்டுக்குப் போங்கள் என்று அனுப்பிவிட்டேன்.

அன்று இரவுச் சாப்பாட்டுக்குச் சொந்தக்காரர்கள் சிலரும் வந்திருந்தார்கள். முன்பு சிரித்தவர்கள்தான். இந்த வயதில் எவ்வளவு கெட்டிக்காரி, நாங்கள் அப்போதே சொன்னோமே என்றார்கள். நான் வாயைத் திறக்கும் முன் அண்ணி என் காலை மிதித்தாள்.

அண்ணன் மட்டும் தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். எனக்கு அவனைப் பிறந்ததிலிருந்து தெரியும். சின்ன வயதில் சைக்கிளில் சுவரில் மோதிவிட்டு, சுவர்தான் வழியில் வந்தது என்று சாதித்தவன். தன் தப்பை ஒப்புக்கொண்டு நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. பேச்சு கொஞ்சம் அடங்கிய நேரம் அவன் கையைத் தட்டில் வைத்துக்கொண்டு, நிமிராமலே, மெதுவாகச் சொன்னான்.

“நான் சொன்னதைக் கேட்டிருந்தா நீயும் இன்னிக்கு உள்ள போன வேகத்துலயே தோத்துட்டு வெளியே வந்திருப்ப.”

அண்ணி அவனைப் பார்த்தாள். அவள் கண் நிறைந்திருந்தது. யாராக இருந்தாலும் அந்த இடத்தில், பரவாயில்லை விடுங்கள், நீங்கள்தானே கணக்கு சொல்லிக் கொடுத்தீர்கள் என்று பெருந்தன்மையாக ஏதாவது சொல்லியிருப்பார்கள். நானும் அதைத்தான் எதிர்பார்த்தேன். அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு, காதை அவன் பக்கம் சாய்த்தாள்.

“சரியா கேக்கல. இன்னொரு தடவை சொல்லுங்க.”

அண்ணன் நிமிர்ந்து பார்த்தான். எல்லோரையும் பார்த்தான். பிறகு சிரிப்பை அடக்க முடியாமல், தெருவுக்கே கேட்கிற மாதிரி இன்னொரு தடவை சொன்னான்.